ஆயுதம் கொடுப்பதை நிறுத்திவிட்டால் உக்ரைன் போர் நின்றுவிடுமா?

வாசகர் கேள்வி, 2025 நவம்பர் 22

நாலு வருஷமாக மேற்கு நாடுகள் ஆயுதம் கொடுத்துக் கொடுத்துத்தான் இந்தப் போர் இழுத்துக்கொண்டே போகிறது. 2022-லேயே யாரும் ஒரு துப்பாக்கிகூடக் கொடுக்காமல் இருந்திருந்தால் இரண்டே மாதத்தில் முடிந்திருக்கும். இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள். இப்போது டிரம்ப் 28 அம்சச் சமாதானத் திட்டம் கொண்டுவந்திருக்கிறார். உக்ரைன் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே?

22 நவம்பர், இரவு

இரண்டு மாதத்தில் முடிந்திருக்கலாம். எப்படி முடிந்திருக்கும் என்பதற்கு புச்சா இருக்கிறது. கீவுக்குப் பக்கத்துச் சின்ன ஊர். ரஷ்யப் படை அங்கே ஒரு மாதம்போல இருந்தது. 2022 மார்ச் கடைசியில் அவர்கள் கிளம்பிப் போன பிறகு தெருவிலும் வீட்டுத் தோட்டத்திலும் தேவாலயத்துக்குப் பின்னால் வெட்டிய குழியிலுமாக 400-க்கு மேல் உடல்கள் கிடைத்தன. பெரும்பாலோர் சுட்டுக் கொல்லப்பட்ட பொதுமக்கள். ஊர் பிடிபட்ட பிறகு, ஆக்கிரமிப்பின்கீழ் நடந்த சாவுகள் அவை. சண்டை நின்றால் சாவும் நின்றுவிடும் என்று எடுத்துக்கொண்டு கேட்கிறீர்கள். எனக்கு அங்கேயே உடன்பாடில்லை.

ஆயுதம் வந்ததால்தான் எதிர்த்தார்கள் என்பதும் நடந்ததோடு பொருந்தவில்லை. போருக்கு ஒரு மாதம் முன்னால் ஜெர்மனி கொடுக்க முன்வந்தது 5,000 தலைக்கவசம். டாங்கை உடைக்கும் ஏவுகணைகளான பிரிட்டனின் என்லா, அமெரிக்காவின் ஜாவலின் வந்திருந்தன, உண்மை. ஆனால் கீவைக் காத்ததில் பெரும்பங்கு உக்ரைனின் சொந்தப் பழைய சோவியத் பீரங்கிகளுக்கு. ஏப்ரல் 14 அன்று கருங்கடலில் 'மாஸ்க்வா' கப்பலை மூழ்கடித்ததும் அவர்களே செய்த நெப்டியூன் ஏவுகணை. யாரும் கொடுக்காவிட்டாலும் சண்டை போட்டிருப்பார்கள். இன்னும் சீக்கிரம் குண்டு தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

23 நவம்பர்

'உனக்கென்ன அவ்வளவு அக்கறை' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எம்.பி.பி.எஸ். படித்தது கார்கிவில். இப்போது திருநெல்வேலிப் பக்கம் பணி. 2014-ல் நான் அங்கே மாணவன். ஏப்ரலில் ரஷ்ய ஆதரவாளர்கள் மாகாண நிர்வாகக் கட்டடத்தைப் பிடித்தார்கள், ஓரிரு நாளில் போலீஸ் மீட்டது. கிழக்கே சண்டை மூண்ட தோனெத்ஸ்கில் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு மற்ற ஊர்களுக்கு மாறி வந்தார்கள். கார்கிவ் முழுக்க ரஷ்ய மொழி பேசும் நகரம். நான் கற்றுக்கொண்டதும் ரஷ்ய மொழிதான், உக்ரைன் மொழி கடைப்பலகை படிக்கிற அளவுக்கு மட்டும். 'ரஷ்ய மொழி பேசுபவர்களைக் காப்பாற்ற வந்தோம்' என்று சொன்னவர்கள், 2022 மார்ச் 1 அன்று அதே நிர்வாகக் கட்டடத்தின்மேல் ஏவுகணை விட்டார்கள். நகரின் குடியிருப்புப் பகுதியான வடக்குச் சல்திவ்காவின் அடுக்குமாடிகளை மாதக்கணக்கில் அடித்தார்கள். நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு ரஷ்ய மொழி தவிர வேறு தெரியாது. மெட்ரோ நிலையத்தின் நடைமேடையில்தான் அந்த வசந்தகாலம் முழுவதும் தூங்கினார்.

மார்ச் 1-ஐ ஒட்டிய அந்த வாரம் கார்கிவில் இருந்த என் ஜூனியர்கள் வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விகள் இன்னும் போனில் இருக்கின்றன. நடந்தாவது நகருக்கு வெளியே உள்ள பிசோசின் போய்ச் சேருங்கள் என்று இந்தியத் தூதரக அறிவிப்பு வந்தபோது, எந்த ரோடு, பாலம் இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த வரைபடத்தைச் சொன்னேன். அதனால் இந்தப் போரை செஸ் ஆட்டம் மாதிரிப் பேச எனக்கு வராது.

24 நவம்பர்

ஆயுதம் போரை நீட்டிக்கிறது என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நீட்டித்தது, கொடுத்த விதம்.

2022 செப்டம்பரில் கார்கிவ் மாகாணத்தில் ரஷ்யப் படை சிதறி ஓடியது. ஜூனில் வந்த ஹைமார்ஸ் என்ற அமெரிக்க ராக்கெட் ஏவிகளின் ராக்கெட்டுகள் 80 கிலோமீட்டர் வரை போய்க் குண்டுக் கிடங்குகளையும் பாலங்களையும் உடைத்திருந்தன. நவம்பர் 11 அன்று கெர்சோன் திரும்பக் கிடைத்தது. ரஷ்யாவிடம் ஆள் இல்லை, அகழி இல்லை. செப்டம்பர் 21 அன்று புடின் 3 லட்சம் பேரைத் திரட்ட உத்தரவிட்டார். உக்ரைன் டாங்க் கேட்டது. லெப்பர்டு டாங்க் கொடுப்பதா வேண்டாமா என்று பெர்லின் யோசித்து முடித்தது 2023 ஜனவரி 25. அதற்குள் ரஷ்யர்கள் தெற்கே ஸபோரிஷ்ஷியா வயல்களில் கண்ணிவெடி விதைத்து, மூன்றடுக்கு அகழி வெட்டி முடித்துவிட்டார்கள். உக்ரைனின் எதிர்த்தாக்குதல் தொடங்கியது ஜூனில். ராபோதினே என்ற ஒரு கிராமத்தோடு நின்றுபோனது. அசோவ் கடல் வரை போக வேண்டிய படை அது. அமெரிக்கா சொன்ன 31 ஏப்ரம்ஸ் டாங்க் வரத் தொடங்கியபோது அந்தத் தாக்குதலே ஓய்ந்துகொண்டிருந்தது. எஃப்-16 போர் விமானம் வந்தது 2024 ஆகஸ்டில்.

ஒவ்வொரு தடவையும் இதே வரிசை. முதலில் முடியாது. பிறகு மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் விவாதம். பிறகு கொஞ்சம். எதிராளிக்குத் தயாராக நேரமும் கிடைக்கிறது, என்ன வரப்போகிறது என்ற பட்டியலும் கிடைக்கிறது. இதைவிட முக்கியம், காத்திருந்தால் இவர்கள் சோர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை புடினுக்குக் கிடைக்கிறது. அந்த நம்பிக்கைதான் போரை நீட்டிக்கிறது.

24 நவம்பர், பிற்பகல்

ஆப்கானிஸ்தானில் சோவியத் படையை எதிர்த்தவர்களுக்கு அமெரிக்கா ஸ்டிங்கர் என்ற விமான எதிர்ப்பு ஏவுகணை கொடுத்து என்ன ஆச்சு என்று கேட்டவருக்கு: சோவியத் படை 1989 பிப்ரவரியில் வெளியேறியது. அதற்குப் பின் நடந்த நாசம் உண்மை. ஆனால் அங்கே ஆயுதம் போனது ஒன்றோடொன்று மோதும் பல குழுக்களின் கைக்கு. உக்ரைனில் போவது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் ராணுவத்துக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

25 நவம்பர்

ஒரு தரப்பை நோக்கி மட்டும் ஏன் இந்தக் கேள்வி என்பதும் எனக்குப் புரியவில்லை. ரஷ்யாவுக்கு ஈரான் ஷாஹெத் ட்ரோன் கொடுத்தது, பிறகு ரஷ்யாவுக்குள்ளேயே தாதர்ஸ்தானின் அலாபுகாவில் தொழிற்சாலையே வந்துவிட்டது. வடகொரியா பீரங்கிக் குண்டுகளும் ஏவுகணைகளும் கொடுத்தது, 2024-ல் பத்தாயிரத்துக்கு மேல் சிப்பாய்களை ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்கு அனுப்பியது. இந்தப் பக்கம், ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனுக்கு ஒரு வருஷத்தில் 10 லட்சம் குண்டு தருவதாக 2023 மார்ச்சில் சொல்லி, கெடு முடியும்போது பாதிதான் கொடுத்திருந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 61 பில்லியன் டாலர் உதவியை மாதக்கணக்கில் இழுத்தடித்து 2024 ஏப்ரலில் நிறைவேற்றியது.

கேள்வி கேட்டவர் சொல்லும் சோதனை அந்த மாதங்களில் நடந்தே விட்டது. அமெரிக்க ஆயுதம் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. போர் நின்றதா? பிப்ரவரியில் தோனெத்ஸ்க் பக்கத்து நகரமான அவ்தீவ்கா ரஷ்யாவிடம் விழுந்தது. ரஷ்யா ஐந்து குண்டு போட்டால் உக்ரைன் ஒன்று போடுகிறது, சீக்கிரம் பத்துக்கு ஒன்று ஆகிவிடும் என்று ஐரோப்பாவில் அமெரிக்கப் படைகளின் தளபதி கவோலி நாடாளுமன்றக் குழுவிடம் போய்ச் சொன்னார். மே மாதம் கார்கிவ்மேல் புதிய தாக்குதல் வந்தது.

26 நவம்பர்

அந்த மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், என் ஊர் அது.

கார்கிவிலிருந்து ரஷ்ய எல்லை சுமார் 30 கிலோமீட்டர். எல்லைக்கு அந்தப் பக்கத்து ரஷ்ய நகரமான பெல்கரதில் நிறுத்திய எஸ்-300 ஏவுகணை வந்து விழ ஒரு நிமிஷம்கூட ஆகாது. சைரன் ஊதுவதற்குள் வெடித்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் படை குவிவது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அமெரிக்க ஆயுதத்தால் ரஷ்ய மண்ணில் அடிக்கக் கூடாது என்று நிபந்தனை. மே 10 அன்று வோவ்சான்ஸ்க் பக்கம் உள்ளே வந்தார்கள். மே 25, சனிக்கிழமை பிற்பகல், கார்கிவில் கட்டுமானப் பொருள் விற்கும் பெரிய கடை ஒன்றின்மேல், விமானத்திலிருந்து விட்டால் சிறகு விரித்து வெகுதூரம் மிதந்து வரும் கிளைடு குண்டுகள் விழுந்தன. பெயின்ட், மரம், வார்னிஷ் எல்லாம் சேர்ந்து எரிந்ததில் பல உடல்களை மரபணுச் சோதனை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது.

மே 30 வாக்கில் பைடன் அந்தத் தடையைக் கார்கிவ் எல்லைக்கு மட்டும் தளர்த்தினார். புதிதாக எதுவும் கொடுக்கவில்லை, ஏற்கெனவே இருந்த ஹைமார்ஸைத் திருப்பி வைக்க அனுமதி, அவ்வளவே. எஸ்-300 அடி வெகுவாகக் குறைந்தது. அங்கே மயக்க மருந்து நிபுணராக இருக்கும் என் வகுப்புத் தோழி அந்தக் கோடையில், 'இரவுப் பணியில் உட்கார்ந்து தேநீர் குடிக்க முடிகிறது' என்றாள்.

27 நவம்பர்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கிளைடு குண்டு நிற்கவில்லை. அதைப் போடும் விமானம் எல்லைக்கு வெகுதூரத்தில் இருந்தே விடுகிறது, விமானத்தளங்களை எட்டும் அனுமதி அப்போது கிடைக்கவில்லை. நீண்டதூரம் போகும் அட்டாகம்ஸ் ஏவுகணையைக் கொண்டு ரஷ்யாவுக்குள் அடிக்கலாம் என்று அமெரிக்கா சொன்னது 2024 நவம்பரில். திரும்பவும் ஆறு மாதத் தாமதம்.

30 நவம்பர்

சேலத்து நண்பர் எழுதியிருப்பது: '2022 ஏப்ரலில் இஸ்தான்புல் பேச்சுவார்த்தையில் சமாதானம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் போய்க் கெடுத்துவிட்டார்.' நிறையப் பேர் சொல்வது இது.

ஜான்சன் கீவுக்குப் போனது ஏப்ரல் 9. பிற்பாடு வெளியான கடைசி வரைவின் தேதி ஏப்ரல் 15. அவர் போய் வந்த பிறகும் இரு தரப்பும் காகிதம் பரிமாறிக்கொண்டுதான் இருந்தன. வரைவில் என்ன இருந்தது என்று பாருங்கள். உக்ரைன் ராணுவம் 85,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ரஷ்யா கேட்டது, உக்ரைன் 2,50,000 என்றது. டாங்க் 342 என்று ரஷ்யா, 800 என்று உக்ரைன். ஏவுகணை 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதும் ரஷ்யா கேட்டது. எல்லாவற்றையும்விட ஒரு வரி: உக்ரைன் மறுபடி தாக்கப்பட்டால், உத்தரவாதம் தரும் நாடுகள் எல்லாம் ஒருமித்துச் சம்மதித்தால்தான் உதவிக்கு வர முடியும். உத்தரவாதம் தரும் நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. தாக்கியவன் சம்மதம் வாங்கிக்கொண்டு காப்பாற்ற வர வேண்டும். ஜான்சன் கீவுக்கே போகாமல் இருந்திருந்தாலும் அந்த வரியில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

நிலத்தை விட்டுக்கொடுப்பதா என்றுதான் எல்லோரும் சண்டை போடுகிறோம். நிலம் எனக்கும் வலிக்கிறது. ஆனால் எந்த ஒப்பந்தம் வந்தாலும் நான் முதலில் தேடுவது இந்தப் பிரிவைத்தான்: கையெழுத்துக்கு மறுநாள் உக்ரைனிடம் எத்தனை ஆள், எத்தனை குண்டு, அதை நிரப்புவது யார், தடுக்கும் உரிமை யாருக்கு? டிரம்ப் கொண்டுவந்த 28 அம்சத்தில் 6 லட்சம் பேர் என்ற உச்சவரம்பு இருந்தது, நேட்டோ படை உள்ளே வரக் கூடாது என்று இருந்தது. ஐரோப்பியரின் மாற்று வரைவு 8 லட்சம் என்றது. தோனெத்ஸ்கில் உக்ரைன் இன்னும் வைத்திருக்கும் ஸ்லோவியான்ஸ்க், கிராமத்தோர்ஸ்க் பகுதியைச் சண்டையில்லாமல் விட்டுவிட வேண்டும் என்றும் அந்த 28 அம்சத்தில் இருந்தது. 2014-லிருந்து பலப்படுத்திய அரண் வரிசை அது. அதைக் கொடுத்துவிட்டால் அடுத்தது மேற்கே பரந்த வெளி.

1 டிசம்பர்

2014-15-ல் கிழக்கு உக்ரைன் சண்டையை நிறுத்தப் போட்ட மின்ஸ்க் ஒப்பந்தங்களை மறந்துவிட்டேனா என்று கேட்டவருக்கு. மறக்கவில்லை. இரண்டாவது மின்ஸ்க் ஒப்பந்தம் 2015 பிப்ரவரி 12. போர்நிறுத்தம் 15-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 18-ஆம் தேதி தெபால்த்சவே என்ற உக்ரைன் ஊர் ரஷ்யத் தரப்பின் கைக்குப் போனது. அந்த வாரம் கார்கிவ் ராணுவ மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததை வகுப்புக்குப் போகும் வழியில் பார்த்தேன். டி.வி.யில் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

5 டிசம்பர்

இன்றைக்குப் புடின் டெல்லியில் இருக்கிறார். 1994-ல் இதே டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ஒரு காகிதத்தில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்துப் போட்டன. உக்ரைனின் எல்லைகளை மதிக்கிறோம் என்றது அது. பதிலுக்கு உக்ரைன் கொடுத்தது சுமார் 1,900 நீண்டதூர அணுகுண்டுகள், அன்றைக்கு உலகில் மூன்றாவது பெரிய கையிருப்பு. ஏவும் குறியீடு மாஸ்கோவிடம்தான் இருந்தது, அதனால் அவற்றை அப்படியே பயன்படுத்தியிருக்க முடியாது என்பதும் உண்மைதான்.

ஆனால் அணுகுண்டை விடுங்கள். குறைவாகப் பேசப்படும் ஒன்று உண்டு. 1999-2000 வாக்கில் உக்ரைன் தன்னிடமிருந்த 8 டியூ-160, 3 டியூ-95 குண்டுவீச்சு விமானங்களையும் சுமார் 575 க்ரூஸ் ஏவுகணைகளையும் ரஷ்யாவிடம் ஒப்படைத்தது. எதற்கு? எரிவாயுக் கடனில் கழித்துக்கொள்ள. 2022-க்குப் பிறகு உக்ரைன் நகரங்கள்மேல் ஏவுகணை விடுவது அதே ரக விமானங்கள். ஆயுதம் கொடுத்தால் போர் வரும் என்கிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு தரம் பார்க்க வேண்டும். ஒரு நாடு தன் ஆயுதத்தை எடுத்துக் கொடுத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தியா என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போட்ட கூடுதல் 25 சதவீதத்தோடு வரி 50 ஆனது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நின்று, ஷிப்ட் குறைந்து, சம்பளம் குறைந்தது. அந்தத் தொழிலாளியிடம் போய் உக்ரைனுக்காகப் பொறுத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் விருந்தாளியாக வந்தவரிடம் கார்கிவ் பிள்ளைகள் மெட்ரோவுக்குள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

7 டிசம்பர்

நல்ல செய்தி எதுவுமே இல்லையா என்றார் ஒருவர். இருக்கிறது. கருங்கடல்.

2022-ல் சன்ஃப்ளவர் எண்ணெய் விலை ஏறியது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்ததில் பெரும்பகுதி உக்ரைன் எண்ணெய். ஒதேசா துறைமுகத்தை ரஷ்யா அடைத்துவிட்டது. ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் சேர்ந்து, தானியக் கப்பல்கள் போய்வர ஒப்பந்தம் செய்தன. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா அதிலிருந்து விலகியது. கப்பல் போக்குவரத்து அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

உக்ரைன் ஆகஸ்டில் தானே ஒரு வழி திறந்தது, ருமேனியா, பல்கேரியா கரையை ஒட்டி. செப்டம்பரில், மேற்கிலிருந்து வந்த ஸ்டார்ம் ஷேடோ ஏவுகணை, ரஷ்யா பிடித்த கிரிமியாவின் செவஸ்தபோலில் ரஷ்யக் கடற்படைத் தலைமையகத்தையே அடித்தது. ஆளில்லாப் படகுகள் ஒவ்வொரு கப்பலாக வேட்டையாடின. கருங்கடல் ரஷ்யக் கப்பற்படையின் பெரும்பகுதி கிழக்கே ரஷ்யத் துறைமுகமான நோவரசீஸ்குக்கு நகர்ந்தது. கப்பல்கள் ஓடின. எந்த ஒப்பந்தமும் இல்லாமல், யாரும் கையெழுத்துப் போடாமல். துறைமுகத்தின்மேல் இன்றும் ட்ரோன் விழுகிறது, ஆனால் கடல் அடைபடவில்லை. இந்தப் போரில் ரஷ்யா பின்வாங்கி, அந்த நிலை அப்படியே தரித்து நிற்கும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன். மிரட்டிப் பயனில்லை என்று அங்கே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

11 டிசம்பர்

என் தோழியிடம் நேற்றுப் பேசிய பிறகு, நான் எழுதியதில் ஒன்று விடுபட்டிருப்பது உறுத்துகிறது. ஆயுதம், ஆயுதம் என்று எழுதிக்கொண்டே போகிறேன். அகழியில் நிற்க ஆள் வேண்டும்.

அவள் கணவர் 2022-லிருந்து படையில் இருக்கிறார். 36 மாதம் முடித்தவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற பிரிவு 2024 ஏப்ரல் சட்டத்தில் வர இருந்தது, கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு வயதை 27-லிருந்து 25 ஆக இறக்கினார்கள். அதற்கும் கீழே இறக்கு என்று வாஷிங்டன் நெருக்கியது. உக்ரைனில் அந்த வயதுக்காரர்களே குறைவு, தொண்ணூறுகளின் இறுதியிலும் அடுத்த சில வருஷங்களிலும் பிறப்பு அவ்வளவு சரிந்திருந்தது. இந்த ஆகஸ்டில் 18 முதல் 22 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டைவிட்டுப் போக அனுமதித்தார்கள், நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். 'அவர் எப்போது வருவார் என்று யாராலும் தேதி சொல்ல முடியவில்லை' என்றாள். அவளிடம் ஹைமார்ஸ் பற்றிப் பேச என்னால் முடியவில்லை.

இப்போது முன்வரிசையில் அடிப்பதில் பெரும்பங்கு, கேமரா வழியாகப் பார்த்து ஓட்டும் சிறிய எஃப்.பி.வி. ட்ரோன்கள். உக்ரைன் உள்ளூரிலேயே லட்சக்கணக்கில் செய்கிறது. டென்மார்க், தன் கிடங்கிலிருந்து கொடுப்பதற்குப் பதில் உக்ரைன் தொழிற்சாலைக்கே நேரடியாகப் பணம் கொடுக்க 2024-ல் ஆரம்பித்தது. கொடுத்ததிலேயே புத்திசாலித்தனமான உதவி அது. ஆளுக்குப் பதில் ட்ரோன் என்பது ஓரளவுக்குத்தான் நடக்கும், ஆனால் அந்த அளவும் சில உயிர்களை மிச்சம் பிடிக்கிறது. அமெரிக்காவின் பேட்ரியட் வான்பாதுகாப்பு அமைப்பின் இடைமறிக்கும் ஏவுகணைக்கு மட்டும் மாற்று இல்லை. ரஷ்யாவின் பாலிஸ்டிக் ஏவுகணையைத் தடுப்பது பெரும்பாலும் அது ஒன்றே, அதை வாங்க அமெரிக்காவிடம்தான் நிற்க வேண்டும். இந்த வருஷம் மார்ச்சில் சில நாள் ஆயுதத்தையும் உளவுத் தகவலையும் டிரம்ப் நிறுத்தியபோது கார்கிவ் டாக்டர்களுக்கு முதலில் வந்த பயம் அதுதான்.

14 டிசம்பர்

கொரியப் போர் மாதிரி இருக்கும் கோட்டிலேயே நிறுத்தினால் என்ன என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. பேச்சுவார்த்தை 1951 ஜூலையில் தொடங்கியது, உடன்படிக்கை 1953 ஜூலை 27. இரண்டு வருஷம் பேசிக்கொண்டே சண்டை போட்டார்கள், பெரிய சிக்கல் போர்க்கைதிகள். நடுவில் ஸ்டாலின் இறந்தார். அந்தக் கோடு இன்றுவரை தாங்குவதற்குக் காரணம் அக்டோபரில் தென்கொரியாவோடு அமெரிக்கா போட்ட பாதுகாப்பு ஒப்பந்தமும் அங்கேயே தங்கிய படையும். கொரியா மாதிரி முடியட்டும் என்கிறவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன்.

20 டிசம்பர்

நேற்று அதிகாலை பிரஸ்ஸல்ஸில் முடிவு வந்துவிட்டது. முடக்கி வைத்திருக்கும் ரஷ்யப் பணத்தை, ஐரோப்பாவில் மட்டும் சுமார் 210 பில்லியன் யூரோ, உக்ரைனுக்குத் தரும் கடனுக்கு ஈடாக வைக்க முடியவில்லை. பெரும்பகுதி இருப்பது பெல்ஜியத்தின் யூரோகிளியர் என்ற நிதி நிறுவனத்தில், பெல்ஜியம் ஒப்பவில்லை. அதற்குப் பதில் ஐரோப்பிய ஒன்றியமே சந்தையில் கடன் வாங்கி 2026, 2027-க்கு 90 பில்லியன் யூரோ கொடுக்கிறது. இரண்டு வருஷத்துக்குத் தேவை 135 பில்லியனுக்கு மேல் என்று அவர்களே கணக்குப் போட்டிருந்தார்கள். முழுசாக இல்லை. ஆனாலும் வசந்தகாலத்தில் கீவின் கஜானா காலியாகிவிடும் என்று மாஸ்கோ போட்டிருந்த கணக்கு பொய்யாகிவிட்டது.

அந்தப் பக்கமும் எல்லாம் சௌகரியமாக இல்லை. அக்டோபரில் ரோஸ்நெஃப்ட், லுகோயில் என்ற ரஷ்ய எண்ணெய்க் கம்பெனிகள் இரண்டின்மேலும் அமெரிக்கத் தடை வந்தது. ஜனவரி முதல் ரஷ்யாவில் வாட் வரி 20-லிருந்து 22 சதவீதம் ஆகிறது. போர் அடுத்த மாதம் முடியும் என்று நான் நினைக்கவில்லை. தோனெத்ஸ்கின் மிச்சத்தை மேஜையிலேயே வாங்கிவிடலாம் என்று நம்பும்வரை புடின் நிறுத்த மாட்டார். இரண்டு வருஷப் பணமும், தடையில்லாமல் வரும் இடைமறிக்கும் ஏவுகணைகளும், ட்ரோன் தொழிற்சாலைகளும் சேர்ந்தால் அந்த நம்பிக்கை 2026-க்குள் உடையலாம். பாதி கொடுத்து, அதையும் மூன்று மாதம் விவாதித்துக் கொடுத்தால் உடையாது.

அடுத்த சுற்று வரைவு வெளியானதும் ராணுவ உச்சவரம்பும் உத்தரவாதப் பிரிவும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து இங்கே எழுதுகிறேன். யாருக்காவது முழு வரைவு கிடைத்தால் போடுங்கள். செய்திச் சுருக்கம் வேண்டாம், பிரிவு பிரிவாக வேண்டும்.